வீடு கனக்கிறது: நல்லர்போர் சாலையில் கேரவன் பயணம், ஒரு நிகழ்வு ஆய்வு

‘கேரவன்’ என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது, படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் ஏசி வண்டிதான். இங்கே பேசப்போவது வேறு. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் சக்கர வீட்டுக்கு ஆஸ்திரேலியாவில் கேரவன் என்று பெயர். எஞ்சினும் வீடும் ஒரே வண்டியாக இருந்தால் அது மோட்டார்ஹோம். இரண்டிலும் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, பெரும்பாலும் கழிப்பறையும் உண்டு. வாரக் கணக்கில், சிலர் ஆண்டுக் கணக்கில், இவற்றிலேயே குடியிருந்துகொண்டு நாட்டைச் சுற்றுகிறார்கள்.

ஓய்வு பெற்றபின் இப்படிக் கிளம்புகிறவர்களை அங்கே ‘கிரே நோமட்’ என்பார்கள், அதாவது நரைத்த நாடோடிகள். இப்போது நரைக்காத நாடோடிகளும் ஏராளம். இந்தப் பெருக்கத்தைப் புரிந்துகொள்ளக் கடற்கரை ஊர்களின் கேரவன் பூங்காக்களை எண்ணிக்கொண்டிருக்கலாம். ஆனால் இந்த வகைப் பயணம் என்ன கேட்கிறது, எங்கே தடுமாறுகிறது என்று பார்க்க நீளமான, ஆளரவமற்ற ஒரு சாலைதான் வசதி. அதனால் நாட்டின் தெற்கு விளிம்பில் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் அயர் நெடுஞ்சாலையை எடுத்துக்கொண்டேன்.

எனக்குத் தெரிந்த முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்தப் பயணத்தை எளிதாக்கிய பொருட்களேதான் அதை ஆபத்தாகவும் ஆக்கிக்கொண்டிருக்கின்றன. வசதி கூடக் கூட வீடு கனக்கிறது. கனம் கூடக் கூட, அதை இழுக்கும் கார், ஓட்டுகிறவரின் அனுபவம், நிறுத்த இருக்கும் இடம் எல்லாம் போதாமல் போகின்றன.

சாலை

மேற்கே நார்ஸ்மன் என்ற பழைய தங்கச் சுரங்க ஊர், கிழக்கே போர்ட் ஆகஸ்டா. இரண்டுக்கும் நடுவே சுமார் 1,670 கிலோமீட்டர். அதில் நார்ஸ்மன் முதல் செடூனா வரையுள்ள 1,200 கிலோமீட்டரைத்தான் வழக்கத்தில் ‘நல்லர்போரைக் கடப்பது’ என்கிறார்கள். நல்லர்போர் என்றால் லத்தீனில் மரம் இல்லாதது. சுமார் 2 லட்சம் சதுர கிலோமீட்டர் சுண்ணாம்புப் பாறைச் சமவெளி அது. பெய்கிற மழையெல்லாம் பாறை விரிசல்களில் இறங்கிவிடும். மேலே ஆறும் இல்லை, குளமும் இல்லை. பெயரை நம்பிப் போகிறவர்கள் கொஞ்சம் ஏமாறுவார்கள், ஏனென்றால் நெடுஞ்சாலை அந்த வெட்டவெளியின் தெற்கு ஓரத்தைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. வழியின் பெரும்பகுதியில் புதரும் குட்டை மரமும் கூடவே வரும்.

1896இல் ஆர்தர் ரிச்சர்ட்சன் இதைச் சைக்கிளில் கடந்தார். 1912இல் பிரான்சிஸ் பர்ட்டில்ஸும் சிட் பெர்குசனும் காரில் கடந்தார்கள். போர்க்காலத் தேவைக்காக 1941-42இல் மண் சாலை போடப்பட்டது. மேற்கு ஆஸ்திரேலியப் பகுதிக்கு 1969இல் தார் வந்தது. தெற்கு ஆஸ்திரேலியப் பகுதி முடிய 1976 ஆயிற்று. அதாவது, ஒரு சாதாரணக் குடும்பம் கேரவனை இழுத்துக்கொண்டு அச்சு முறியாமல் இந்த வழியைக் கடக்க முடிந்து ஐம்பது ஆண்டுகள்தான் ஆகின்றன.

வழியில் ஊர் என்று சொல்லத்தக்கவை மிகக் குறைவு. எரிபொருள், சாப்பாடு, அறை, கேரவன் நிறுத்த ஒரு மைதானம் ஆகியவை ஒரே கூரையின் கீழ் இருக்கும் ரோட்ஹவுஸ்கள்தான் உண்டு: பல்லடோனியா, கைகுனா, காக்கிள்பிடி, மதுரா, மண்ட்ரபில்லா, யூக்லா என்று. (ஆம், மதுரா. பெயரைப் பார்த்து நான் ஒரு கணம் நின்றேன்.) பல்லடோனியாவுக்கும் கைகுனாவுக்கும் இடையே 146.6 கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூட இல்லாத நேர்கோடு. ரோட்ஹவுஸ்களுக்கு நடுவே மிக அதிக இடைவெளியே 190 கிலோமீட்டர் அளவில்தான். ஆகவே டீசல் தீர்ந்து நடுவழியில் நிற்பது இங்கே உண்மையான ஆபத்து அல்ல. அது சினிமா பயம்.

ஏன் இத்தனை பேர்

சக்கர வீட்டு ஆசை புதிதல்ல. 1885இல் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் ‘வாண்டரர்’ என்ற குதிரை வண்டி வீட்டைச் செய்வித்து, பிரிட்டனைச் சுற்றினார். பொழுதுபோக்குக்கென்றே கட்டிய கேரவன்களில் முதலாவதாக அதைத்தான் சொல்வார்கள். 1907இல் அங்கே கேரவன் சங்கமே தொடங்கிவிட்டது. ஆஸ்திரேலியாவின் மோட்டார்ஹோம் சங்கம் 1986இல் பிறந்தது.

ஆனால் அண்மைய பாய்ச்சலுக்குக் காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். 2020 மார்ச் 20 அன்று ஆஸ்திரேலியா தன் எல்லையை மூடியது. சில நாட்களில் சொந்தக் குடிமக்களே வெளிநாடு போகத் தடை வந்தது. அது நீங்க 2021 நவம்பர் ஆயிற்று. ஐரோப்பாவுக்கும் பாலிக்கும் போகவிருந்த பணம் வீட்டிலேயே தங்கிவிட்டது. அந்தப் பணத்தின் ஒரு பங்கு, மெல்பர்னின் வடக்கே கேம்பல்ஃபீல்டில் வரிசையாக இருக்கும் கேரவன் பட்டறைகளுக்குப் போனது. காத்திருப்புப் பட்டியல் நீண்டது. பழைய வண்டிகளும் கிராக்கியாயின.

இதே காலத்தில் அமெரிக்காவில் என்ன நடந்தது என்பதற்கு எண்கள் தெளிவாக இருக்கின்றன. அங்கே உற்பத்தியாளர்கள் விற்பனையாளர்களுக்கு அனுப்பிய வண்டிகள் 2020இல் 4,30,412. 2021இல் அது 6,00,240 ஆகி, வரலாற்று உச்சம் தொட்டது. 2022இல் 4,93,268. 2023இல் 3,13,174. இரண்டே ஆண்டுகளில் கிட்டத்தட்டப் பாதி. இந்தச் சரிவைக் காட்டி ‘மோகம் தீர்ந்தது’ என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அது அவசரமான தீர்ப்பாகத்தான் படுகிறது. குறைந்தது புது வண்டி அனுப்புவதுதான். 2020 முதல் 2022 வரை அனுப்பிய 15 லட்சம் வண்டிகள் எங்கும் காணாமல் போய்விடவில்லை. அவை சாலையில் அல்லது யாருடைய கொல்லையிலோ இருக்கின்றன.

நல்லர்போருக்கு மட்டும் ஒரு தனிக் கதை உண்டு. மேற்கு ஆஸ்திரேலிய மாநிலம் 2020 ஏப்ரல் 5 அன்று தன் எல்லையைப் பிற மாநிலங்களுக்கு எதிராக மூடியது. இடையில் தளர்வுகள் வந்து போயின. முழுதாகத் திறந்தது 2022 மார்ச் 3 அன்றுதான். நாடு முழுக்கக் கேரவன் வாங்கிக்கொண்டிருந்த காலத்தில், நாட்டின் மிகப் புகழ்பெற்ற கேரவன் வழி மட்டும் நடுவில் கதவு போட்டுப் பூட்டிக் கிடந்தது. கதவு திறந்தபோது அந்த வழியே வந்தவர்களில் பலர், வாழ்க்கையில் முதல்முறையாக எதையோ இழுத்துக்கொண்டு ஓட்டியவர்கள்.

தொற்றுக்காலம் பாதிக் காரணம். மீதிப் பாதி தொழில்நுட்பம். 100 ஆம்பியர்-மணி ஈய-அமில மின்கலம் ஏறக்குறைய 30 கிலோ. அதன் ஆயுள் கெடாமல் பாதியைத்தான் பயன்படுத்தலாம். அதே அளவு லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலம் 12 கிலோ அளவில்தான். 80 சதவீதத்துக்கு மேல் எடுக்கலாம். கூரையில் சூரியத் தகடு, உள்ளே இன்வெர்ட்டர் என்று வந்தபின், மின் இணைப்புக்காகக் கேரவன் பூங்காவைத் தேடி ஓடவேண்டிய கட்டாயம் போயிற்று. 2021இல் செயற்கைக்கோள் வழியே இணையம் தரும் ஸ்டார்லிங்க் ஆஸ்திரேலியாவுக்கு வந்தது, 2022இல் வண்டிகளுக்கென்றே தனித் திட்டம் விற்றார்கள். கைபேசிக் கோபுரமே இல்லாத சமவெளியில் உட்கார்ந்து அலுவலகக் கூட்டத்தில் கலந்துகொள்ளலாம். ஐம்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களைச் சாலைக்குக் கொண்டுவந்தது எதுவென்று கேட்டால், இயற்கைக் காட்சிகளுக்கு முன்பாக இந்தத் தட்டையான ஆன்டெனாவைச் சொல்வேன்.

எடைக் கணக்கு

இனி விஷயத்துக்கு வருவோம். லித்தியம் எடை குறைவு என்றேன் அல்லவா? அப்படியானால் கேரவன்களின் எடை குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. 30 கிலோ மின்கலம் இருந்த இடத்தில் மூன்று லித்தியம் வைத்தார்கள். மின்சாரம் தாராளமானதும் துணி துவைக்கும் இயந்திரம், பெரிய குளிர்ப்பெட்டி, ஏசி என்று அதற்கேற்றபடி தேவைகள் வளர்ந்தன. ‘ஆஃப் ரோடு’ என்ற விளம்பரத்துக்காகக் கனமான அடிச்சட்டம், இரண்டாவது உதிரிச் சக்கரம், இரண்டாவது தண்ணீர்த் தொட்டி. தார்ச்சாலையை விட்டு இறங்காதவர்களும் அதையேதான் வாங்குகிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எந்தக் குறிப்பிட்ட மாடலும் அல்ல, இன்று இந்தச் சாலையில் சாதாரணமாகக் காணும் இரட்டைக் கேபின் பிக்கப் ஒன்றை வைத்துக்கொள்வோம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் ‘3,500 கிலோ இழுக்கும்’ என்று போட்டிருக்கும். சிறிய எழுத்தில் ஜி.சி.எம். என்று இன்னோர் எண் இருக்கும்: காரும் கேரவனும் அதிலுள்ள ஆட்களும் சாமானும் எல்லாம் சேர்ந்து எவ்வளவு கனக்கலாம் என்பதற்கான உச்சவரம்பு. அது 6,000 என்று கொள்வோம். 3,500 கிலோ கேரவனை மாட்டினால் காருக்கு மீதம் 2,500. காரின் வெற்று எடையே 2,150. எஞ்சுவது 350 கிலோ. இருவர் ஏறினால் 150 போச்சு. கங்காருவுக்குப் பயந்து முன்னால் மாட்டிய இரும்புத் தடுப்பு, பின்னால் பெட்டி, கருவிகள், ஒரு சின்னக் குளிர்ப்பெட்டி. கணக்கு முடிந்தது. நாய் இருந்தால் அது நடந்துதான் வரவேண்டும்.

கேரவன் பக்கமும் இதே கதை. அங்கே ஏ.டி.எம். என்பது பணம் தரும் இயந்திரம் அல்ல. கழற்றி நிறுத்திய கேரவன், உள்ளே இருக்கும் எல்லாவற்றோடும் சேர்த்து, எவ்வளவு கனக்கலாம் என்ற வரம்பு. வெற்று எடை 2,600, வரம்பு 3,000 என்றால் நம் சாமானுக்கு 400 கிலோ. தொழிற்சாலை எடை போட்டபோது தண்ணீர்த் தொட்டி காலியாக இருந்திருக்கும். தலா 95 லிட்டரில் இரண்டு தொட்டிகளை நிரப்பினால் 190 கிலோ. சமையல் எரிவாயு, கூடுதல் மின்கலம், வெளிக்கூடாரம், நாற்காலிகள் எல்லாம் போக, பாத்திரமும் துணியும் அரிசி மூட்டையும் எதில் போகும்?

பலர் இந்த எண்களை வண்டியில் அறைந்த தகட்டில் படித்திருப்பார்கள், எடை மேடையில் ஏற்றிப் பார்த்திருக்க மாட்டார்கள். என்னைக் கேட்டால், இந்த நிகழ்வு முழுவதிலும் மிகவும் வியப்பான விஷயம் அதுதான். இவ்வளவு பெரிய தொகையைச் செலவழிக்கிறவர்கள், எடை போடும் சில்லறைச் செலவைத் தவிர்க்கிறார்கள். வரம்பு மீறியது தெரியவந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கலாம் என்பதும் அவர்களுக்குத் தெரிந்தே இருக்கும்.

சட்டமும் இங்கே கொஞ்சம் தாராளம். ஐரோப்பிய ஒன்றியத்தில் சாதாரண கார் உரிமத்தோடு பெரிய கேரவனை இழுக்க முடியாது. அதற்குத் தனி வகை உரிமம் உண்டு. ஆஸ்திரேலியாவில் கார் ஓட்டத் தெரிந்தால் போதும். நேற்று வரை சிறு கார் ஓட்டியவர், இன்று காலை விற்பனைக் கூடத்திலிருந்து காரும் கேரவனும் சேர்ந்து 14 மீட்டர் நீளமுள்ள தொடரை வெளியே எடுத்துக்கொண்டு வரலாம். யாரும் தடுக்க மாட்டார்கள்.

வாலாட்டம்

எடை வரம்புக்குள் இருந்தாலும், அது எங்கே இருக்கிறது என்பது இன்னொரு கேள்வி. கேரவனின் முன்மூக்கு காரின் கொக்கிக் குண்டின்மேல் உட்கார்ந்திருக்கிறது. மொத்த எடையில் ஏறக்குறைய 10 சதவீதம் அந்தக் குண்டின்மேல் இறங்க வேண்டும் என்பது ஆஸ்திரேலிய வழக்கு. பின்பக்கம் இரண்டு உதிரிச் சக்கரம், சைக்கிள்கள், ஒரு கருவிப்பெட்டி என்று தொங்கவிட்டால் மூக்கு லேசாகிவிடும். ஊஞ்சலின் கடைசியில் ஆள் உட்கார்ந்ததுபோல, கேரவன் ஒருமுறை பக்கவாட்டில் அசைந்தால் அந்த அசைவு அடங்க நேரம் பிடிக்கும்.

இதில் வேகம்தான் வில்லன். குறைந்த வேகத்தில் ஒவ்வோர் அசைவும் தானே அடங்கும். வேகம் கூடக் கூட அடங்குவது மெதுவாகும். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் அடங்குவதற்குப் பதிலாக ஒவ்வோர் ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகும். அந்த வேகம் எது என்பது ஒவ்வொரு வண்டிக்கும், அன்றைக்கு அதில் சாமான் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தும் மாறும். எந்தத் தகட்டிலும் அதை எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.

அயர் நெடுஞ்சாலையில் முதல் அசைவைக் கொடுக்கப் பெரும்பாலும் ரோடு டிரெய்ன் வரும். ஒரு லாரி இரண்டு பெட்டிகளை இழுத்துக்கொண்டு, 36 மீட்டர் நீளத்தில் எதிரே பாய்ந்து வரும். அது நெருங்கும்போது காற்று கேரவனை வெளியே தள்ளும். கடந்ததும் உள்ளே இழுக்கும். ஒரு தள்ளு, ஒரு இழு. ஓர் ஊஞ்சலை ஆட்டிவிட அது போதும்.

அப்போது கால் தானாக பிரேக்குக்குப் போகும். போகக் கூடாது. காரை மட்டும் பிடித்து நிறுத்தினால் பின்னால் வரும் மூன்று டன் அதைத் தள்ளிக்கொண்டு திருகும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, டாஷ்போர்டில் இருக்கும் மின்பிரேக் பொத்தானைக் கையால் அமுக்க வேண்டும். அது கேரவன் சக்கரங்களை மட்டும் பிடிக்கும். தொடர் இழுபட்டு நேராகும். எழுதிவிட்டேன், படித்தும் விட்டீர்கள். ஆனால் முதல்முறை ஆட்டம் வரும் அந்த மூன்று வினாடியில் அந்தப் பொத்தான் எந்தப் பக்கம் என்பது கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். விவரமறிந்தவர்கள் கிளம்பும் ஒவ்வொரு காலையும் மெதுவான வேகத்தில் ஒருமுறை அதை அமுக்கிப் பார்ப்பது அதற்காகத்தான்.

லாரிக்காரர்களோடு பேசிக்கொள்வதும் ஒரு கலை. நெடுஞ்சாலைக்கு யு.எச்.எஃப். வானொலியில் 40ஆம் அலைவரிசை. கேரவன்காரர்கள் தங்களுக்குள் பேச 18. பின்னால் வரும் லாரியிடம் ‘சரி, வழி காலியாக இருக்கிறது, வாங்க’ என்று சொல்லி, அது பக்கத்தில் வந்தபின் வேகத்தைச் சற்றுக் குறைத்துக் கொடுத்தால் இருவருக்கும் நல்லது. புதியவர்கள் பலர் வானொலியே வைத்திருப்பதில்லை, அல்லது 18இல் குடும்பக் கதை பேசிக்கொண்டிருப்பார்கள்; பின்னால் லாரிக்காரர் 40இல் கத்திக்கொண்டிருப்பார்.

தண்ணீரும் காற்றும்

1841இல் எட்வர்ட் ஜான் அயர் இந்த வழியே மேற்கே நடந்தார். கடைசிவரை கூடவே வந்தவர் வைலி என்ற பழங்குடி இளைஞர். மணல் மேடுகளில் எங்கே தோண்டினால் தண்ணீர் ஊறும் என்பது மண்ணின் மக்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவு இல்லாமல் அயர் பிழைத்திருக்க முடியாது. சாலைக்கு அவர் பெயர் வந்தது. நிலைமை மட்டும் பெரிதாக மாறவில்லை. ரோட்ஹவுஸ்கள் உப்பு நீரைச் சுத்திகரித்துத் தங்கள் தேவைக்கே அளந்து செலவழிக்கின்றன. கேரவன் தொட்டியைக் கொண்டுபோய் நிரப்பித் தரச் சொன்னால் பெரும்பாலும் கிடைக்காது. ஆகவே கிளம்புமுன் நிரப்பியாக வேண்டும், அதாவது அந்த 190 கிலோவைச் சுமந்தே ஆகவேண்டும். எடைக் கணக்கில் தண்ணீரை வெட்டித் தப்பிக்கும் வழி இந்தச் சாலையில் இல்லை.

காய்கறியை நம்பி ஏற்றுகிறவர்களுக்கும் ஒரு அதிர்ச்சி காத்திருக்கிறது. மேற்கே போனால் மாநில எல்லையிலும், கிழக்கே போனால் செடூனாவிலும் பழம், காய்கறிச் சோதனை. பழ ஈ பரவாமல் இருக்கத்தான். தடை செய்த பழமும் காயும், மேற்கே போகும்போது தேனும், எல்லாம் தொட்டிக்குள் போய்விடும். அதிகாரி குளிர்ப்பெட்டியைத் திறக்கும்போது அவசர அவசரமாக ஆப்பிள் தின்றுகொண்டிருக்கும் தம்பதிகளைப் பார்க்கலாம்.

காற்று பணத்தைத் தின்னும். வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப எதிர்ப்பு கூடும் என்பது பள்ளிப் பாடம். 90இல் போவதற்குப் பதில் 110இல் போனால் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. 90இல் போகும்போதே 30 கிலோமீட்டர் எதிர்க்காற்று அடித்தால், வண்டிக்கு அது 120, எதிர்ப்பு 1.8 மடங்கு. தனியாகப் போனால் நூறு கிலோமீட்டருக்குப் பத்து லிட்டர் கேட்கும் டீசல் வண்டி, கேரவனை இழுக்கும்போது சாதாரணமாக 16, 18 கேட்கும், எதிர்க்காற்றில் இன்னும் மேலே. டீசல் தொலைவிலிருந்து வரவேண்டியிருப்பதால் ரோட்ஹவுஸ்களில் அதன் விலையும் நகரத்தைவிட நன்றாகவே ஏறியிருக்கும். ஒருநாள் காற்று ஓயும்வரை காத்திருப்பதுதான் இந்தச் சாலையில் மலிவான சிக்கனம். அதற்கு விடுமுறை நாட்கள் மிச்சமிருக்க வேண்டும். ஓய்வு பெற்றவர்களுக்கு இருக்கும், மடிக்கணினியோடு வந்தவருக்குத் திங்கட்கிழமைக் கூட்டம் இருக்கும்.

எங்கே நிறுத்துவது

வழிநெடுக இலவச ஓய்விடங்கள் உண்டு. கூட்டம் கூடியதும் சண்டை வந்த இடமும் அதுதான். லாரி ஓட்டுநர் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, ஓய்வெடுத்தே ஆகவேண்டும் என்பது சட்டம். அவர் வந்து சேரும்போது 36 மீட்டர் வண்டிக்கான இடத்தில் மூன்று கேரவன்கள் கூடாரம் விரித்து, நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால் அவர் எங்கே போவார்? கேரவன்காரருக்கு அடுத்த ஓய்விடம் ஒரு மணி நேர எரிச்சல். லாரிக்காரருக்கு அது சட்டமீறல், அல்லது ஸ்டியரிங்கில் தூக்கம். இந்தத் தகராறில் நான் லாரிக்காரர் பக்கம்.

கழிவும் இதே போலத்தான். கழிப்பறைப் பெட்டியைக் காலி செய்ய ‘டம்ப் பாயின்ட்’ என்று தனி இடங்கள் உண்டு. அவை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும்போது சிலர் புதரைத் தேடுகிறார்கள். பத்தில் ஒருவர் செய்தால் போதும், அந்த இடத்தில் ‘இரவு தங்கத் தடை’ பலகை முளைத்துவிடும். மற்ற ஒன்பது பேரும் அடுத்த இடத்தில் நெருக்கியடிப்பார்கள்.

கிழக்குப் பக்கத்தில் பண்டா பாறைச் சுவர்கள் இருக்கின்றன: சமவெளி திடீரென்று முடிந்து, நேர்க்குத்தாகக் கடலில் விழும் இடம். மே முதல் அக்டோபர் வரை, பக்கத்திலுள்ள ஹெட் ஆஃப் பைட்டில் திமிங்கிலங்கள் குட்டிகளோடு வந்து நிற்கும். சுண்ணாம்புப் பாறையைக் கடல் அடியில் குடைந்திருப்பதால் விளிம்பில் நிற்பவருக்குத் தன் காலடியில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று தெரியாது. ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிய வேண்டும் என்று மூன்று டன் வீட்டை அங்கே ஓட்டிக்கொண்டு போய் நிறுத்துகிறவர்களை என்ன சொல்வது?

பழுது

2022இல் ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் புதுக் கேரவன் வாங்கிய 2,270 பேரிடம் கேட்டது. ஐந்தில் நான்கு பேர் தங்கள் வண்டியில் ஏதாவது ஒரு குறை வந்ததாகச் சொன்னார்கள். கணக்கெடுப்புக்குப் பதில் சொல்ல முன்வருகிறவர்களில் மனக்குறை உள்ளவர்கள் அதிகம் என்று கழித்துக்கொண்டாலும் அது பெரிய எண்தான். கேரவன் என்பது நிலநடுக்கத்தில் நின்றுகொண்டே இருக்கும் ஒரு வீடு. தச்சு, குழாய், மின்சாரம், எரிவாயு எல்லாம் ஒவ்வொரு கிலோமீட்டரும் அதிர்கின்றன. கூரை இணைப்பில் ஒரு மில்லிமீட்டர் விரிசல் விழுந்தாலும் தண்ணீர் இறங்கி மரச்சட்டத்தை அரித்துவிடும். தேவை கூடியபோது அவசரத்தில் கட்டியவை, காத்திருப்புப் பட்டியலில் களைத்துப்போனவர்களால் சரியாகச் சோதிக்கப்படாமல் கை மாறியவை, ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி வாய் திறந்தன. உத்தரவாதத்தில் பழுது பார்க்க விற்ற ஊருக்கே திரும்பி வாருங்கள் என்று பதில் வந்தால், நல்லர்போரின் நடுவே நிற்பவருக்கு அந்த உத்தரவாதத்தால் என்ன பயன்?

மோட்டார்ஹோமைப் பற்றி அதிகம் சொல்லவில்லை, காரணம் இந்தச் சாலையில் அது பல விதத்தில் சமர்த்துப் பிள்ளை. வாலாட்டம் இல்லை, கொக்கிக் கணக்கு இல்லை. எஞ்சின் கெட்டால் வீடும் சேர்ந்து பட்டறைக்குப் போய்விடும் என்பதும், பால் வாங்கப் போனாலும் வீட்டையே ஓட்டிக்கொண்டு போகவேண்டும் என்பதும்தான் குறை.

நார்ஸ்மன்

சாலையின் ஓட்டுநர்களைச் சோர்விலிருந்து காப்பாற்ற ஒரு வேடிக்கையான ஏற்பாடும் இருக்கிறது. செடூனா முதல் கல்கூர்லி வரை 1,365 கிலோமீட்டரில் 18 குழிகள் கொண்ட கோல்ஃப் மைதானம், 2009இல் திறந்தது. ஊருக்கு, ரோட்ஹவுஸுக்கு ஒரு குழி. ஆடத் தெரியாதவர்களும் இறங்கி ஆடுகிறார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கால் நீட்ட அது ஒரு சாக்கு. எதிர்பாராமல் ஏதாவது நேர்ந்தால், விமானத்தில் வரும் ‘பறக்கும் மருத்துவர்கள்’ இறங்க, நெடுஞ்சாலையிலேயே சில இடங்களில் ஓடுபாதைக் கோடுகள் தீட்டியிருக்கிறார்கள். 1979இல் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தின் துண்டுகள் பல்லடோனியா பக்கம் விழுந்தபோது, குப்பை போட்டதற்காக எஸ்பெரன்ஸ் உள்ளாட்சி அமெரிக்காவின் நாசாவுக்கு 400 டாலர் அபராதம் விதித்தது. டம்ப் பாயின்ட் பற்றிய எச்சரிக்கையாக அதை எடுத்துக்கொள்பவர்கள் எத்தனை பேரோ.

மேற்கே வந்தவர்கள் நார்ஸ்மனில் வெளியே வருகிறார்கள். அங்கே சந்திப்பில் தகரத்தில் செய்த ஒட்டகங்கள் நிற்கின்றன. ஒருகாலத்தில் இந்தப் பக்கத்துக்குச் சரக்கு சுமந்தவற்றின் நினைவாக. தெற்கே திரும்பினால் எஸ்பெரன்ஸ் கடற்கரை, வடக்கே கல்கூர்லி, இரண்டும் சுமார் இருநூறு கிலோமீட்டர். அந்தச் சந்திப்பில் நிறுத்தும் கேரவன்களைக் கவனித்தால் யார் முதல் முறை, யார் பழகியவர் என்று சொல்லிவிடலாம். புதியவர் இறங்கி ஒட்டகத்தோடு படம் எடுப்பார். பழகியவர் முதலில் கேரவனைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையை வைத்துப் பார்ப்பார். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சுட்டால் அதன் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதன்பிறகுதான் ஒட்டகம்.